லேப்டாப் வந்தா மட்டும் போதாது, ஸ்கூலே மாறணும்

காலேஜ் பசங்களுக்கு திரும்ப லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து எங்க வடசென்னைல வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் அதே பழைய வாக்குவாதம் திரும்ப ஓடுது. ஒரு பக்கம் "பசங்க படம் பாக்கத்தான் யூஸ் பண்ணுவானுங்க, இல்லன்னா வித்துடுவானுங்க, காசு வேஸ்ட்"னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் "இல்லாதப்பட்ட வீட்டு பையன் கைல கம்ப்யூட்டர் வந்தா போதும், அவனா மேல வந்துடுவான்"னு சொல்றாங்க. ரெண்டு பேருமே மெஷினையே பாத்து பேசறாங்க. அது போய் சேர்ற ஸ்கூல் எப்படி இருக்கு, டீச்சர் கைல என்ன இருக்கு, டைம்டேபிள், பரீட்சை எல்லாம் எப்படி இருக்குன்னு யாரும் கேக்கறதே இல்ல. லேப்டாப் திட்டம் எங்க எடுபட்டுச்சு எங்க படுத்துடுச்சுன்னு தேடிப் பாத்தா வித்தியாசம் அங்கதான் இருக்கு.

மொதல்ல நம்ம ஊர் கதை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாள் அன்னைக்கு ஜெயலலிதா ஆட்சில திட்டம் ஆரம்பிச்சுது. அஞ்சு வருஷத்துல 68 லட்சம் பேருக்கு குடுக்கணும்னு இலக்கு, எல்காட்னு இருக்கற மாநில அரசு எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் மூலமா வாங்கி குடுத்தாங்க. கவர்மெண்ட் ஸ்கூல், கவர்மெண்ட் உதவி வாங்குற ஸ்கூல் பிளஸ் டூ பசங்க, அப்புறம் காலேஜ், பாலிடெக்னிக் பசங்க. 50 லட்சத்துக்கு மேல குடுத்தாங்க, கொரோனா சமயத்துல அப்படியே நின்னு போச்சு. அப்புறம் 2025 மார்ச் பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்குன்னு அறிவிச்சு மொத கட்டமா 2000 கோடி ஒதுக்கினாங்க, 2026 ஜனவரில குடுக்கவும் ஆரம்பிச்சாச்சு.

இதை "இலவசம்"னு கேலி பண்றவங்களோட நான் சேர மாட்டேன். ஹவுசிங் போர்டு பிளாக்குல, கால்வா ஓரத்துல, காசிமேட்டு லைன் வீடுகள்ல, எத்தனையோ குடும்பத்துக்கு மொத கம்ப்யூட்டர்னு உள்ள வந்ததே அந்த பையோட குடுத்த லேப்டாப்தான். அக்கா வாங்கிட்டு வந்த மெஷின்ல தம்பி டைப்பிங் கத்துக்கிட்டான், டாலி கத்துக்கிட்டு சவுகார்பேட்டை கடையில கணக்கு எழுத போன பசங்க உண்டு, காலேஜ் ப்ராஜெக்ட அதுலயே முடிச்சு வேலைக்கு போனவங்க உண்டு. வசதியான வீட்டு பையனுக்கு பொறந்ததுல இருந்து கிடைக்கிற ஒண்ணு இவனுக்கு 17 வயசுல கிடைச்சுது, அதை குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

ஆனா ஸ்கூலுக்குள்ள என்ன மாறுச்சுன்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம். அதுக்கு ஸ்கூல் மேல பழி போட முடியாது, திட்டத்தோட அமைப்பே அப்படி. குடுத்தது பிளஸ் டூல. அதுவும் பல வருஷம் சப்ளை லேட்டாகி பப்ளிக் எக்ஸாம் நெருங்கற நேரத்துலதான் வந்துச்சு, சில பேட்ச் டிசி வாங்கிட்டு போனதுக்கப்புறம் பழைய ஸ்கூலுக்கு திரும்பி வந்து கையெழுத்து போட்டு வாங்கிட்டு போச்சு. அப்படி வர்ற மெஷின வெச்சு எந்த டீச்சர் எந்த பாடத்த பிளான் பண்ண முடியும்? லாரில வந்த பெட்டிய எண்ணி ஒரு ரூம்ல அடுக்கி பூட்டு போடறது, ராத்திரில திருட்டு போகாம பாத்துக்கறது, லிஸ்ட்ட சரிபாத்து குடுக்கறது, ஸ்கூலோட பங்கு அவ்ளோதான். திருடு போச்சுன்னா யார் பதில் சொல்றதுன்ற பயத்துல, எப்படா இத குடுத்து முடிப்போம்னு நெனச்ச ஹெச்எம்தான் நிறைய பேர். அவங்க அப்படி நெனச்சதுல ஆச்சரியமே இல்ல, ஏன்னா பெட்டிய பத்திரமா பாத்துக்கங்கன்னு சொன்ன சர்குலர்தான் அவங்களுக்கு வந்துச்சு, இத வெச்சு உங்க ஸ்கூல்ல பாடம் நடத்தற விதத்த மாத்துங்கன்னு எதுவும் வரல.

மெஷின மட்டும் குடுத்தா என்ன ஆகும்னு ரொம்ப பெரிய அளவுல பாத்த நாடு பெரு. ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்னு அமெரிக்காவுல இருந்து ஒரு இயக்கம் கெளம்புச்சு இல்லையா, அதோட பச்ச கலர் குட்டி லேப்டாப்ப 8 லட்சத்துக்கு மேல வாங்கி, மலை கிராமம் வரைக்கும் கொண்டு போய் குடுத்தாங்க. இன்டர் அமெரிக்கன் டெவலப்மெண்ட் பேங்க் 319 கிராமத்து பிரைமரி ஸ்கூல எடுத்து, கெடச்ச ஸ்கூல் கெடைக்காத ஸ்கூல்னு பிரிச்சு பாத்து 2012ல ரிசல்ட் வெளியிட்டாங்க. கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் மார்க் நகரவே இல்ல. பொதுவான யோசிக்கிற திறன்ல மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சுது, அதையும் சொல்லிடணும். காரணம் தேடப் போனா நமக்கு தெரிஞ்ச காரணங்கள்தான்: பெரும்பாலான ஸ்கூல்ல நெட் இல்ல, பாடத்துக்குள்ள மெஷின எப்படி கொண்டு வரணும்னு டீச்சருக்கு யாரும் கத்துக் குடுக்கல, பாடம் பழைய மாதிரியே ஓடுச்சு, லேப்டாப் அது பாட்டுக்கு பக்கத்துல இருந்துச்சு.

இதுக்கு எதிர்ப்பக்கம் அமெரிக்காவுல மெயின்னு ஒரு மாநிலம். 2002ல அங்கஸ் கிங் கவர்னரா இருந்தப்போ ஏழாம் கிளாஸ் பசங்க அத்தன பேருக்கும், அடுத்த வருஷம் எட்டாம் கிளாசுக்கும் சேத்து குடுத்தாங்க. அங்க நான் கவனிச்சது ரெண்டு விஷயம். பசங்க கைக்கு போறதுக்கு முன்னாடியே டீச்சர் கைக்கு போச்சு, ஸ்கூலுக்கு ஒரு டீச்சர இதுக்கு லீடரா போட்டாங்க, ட்ரெய்னிங், வயர்லெஸ் நெட், ரிப்பேர் எல்லாம் அதே கான்ட்ராக்டுக்குள்ள இருந்துச்சு. இன்னொண்ணு, ஒரு கிளாஸ் முழுக்க ஒரே நேரத்துல குடுத்ததால கணக்கு வாத்தியார், சயின்ஸ் டீச்சர், சோஷியல் டீச்சர்னு எல்லாரும் ஒண்ணா உக்காந்து யோசிக்க வேண்டிய கட்டாயம் வந்துச்சு. ஒரே ஒரு ஆர்வக்கோளாறு வாத்தியார் தனியா இழுத்துட்டு போற வேலையா அது இல்ல. இதெல்லாம் பேப்பர்ல எழுதி வெச்சா தானா நடந்துடும்னும் சொல்ல முடியாது, டெக்சாஸ்ல 2004ல இதே மாதிரி மெஷின், சாஃப்ட்வேர், ட்ரெய்னிங், சப்போர்ட் எல்லாத்தையும் சேத்து 21 மிடில் ஸ்கூல்ல ட்ரை பண்ணாங்க, சில வருஷம் கழிச்சு பாத்தா சொன்ன மாதிரி முழுசா செஞ்சது சுமார் கால்வாசி ஸ்கூல்தான். தலைமை ஆசிரியர் முன்ன நின்னு இழுத்த எடத்துலயும், டீச்சருங்க மனசார சேந்த எடத்துலயும்தான் நல்லா ஓடுச்சு.

அவ்ளோ தூரம் போவானேன், பக்கத்துல கேரளாவ பாருங்க. அவங்க ஆளுக்கொரு லேப்டாப்னு தூக்கி குடுக்கல. 2001லயே ஐடி அட் ஸ்கூல்னு தனியா ஒரு அமைப்ப ஆரம்பிச்சு, ஸ்கூல் டீச்சர்லயே ஆள எடுத்து மத்த டீச்சருக்கு பயிற்சி குடுக்க வெச்சாங்க. ஐடிய கட்டாய பாடமாக்கி எஸ்எஸ்எல்சில அதுக்கு ப்ராக்டிகல் எக்ஸாமும் வெச்சாங்க, அதாவது மெஷின்ல செய்யறதுக்கு மார்க் உண்டு. காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர விட்டுட்டு லினக்ஸுக்கு மாறினாங்க, மலையாளத்துலயே எல்லாம் ஓடுச்சு. 2017ல அந்த அமைப்பு கைட்னு ஒரு கம்பெனியா மாறுச்சு, 2018ல 45,000 கிளாஸ்ரூமுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போச்சு, லிட்டில் கைட்ஸ்னு பசங்களோட கிளப் வெச்சு மெஷின பாத்துக்கற வேலைல பசங்களையும் சேத்தாங்க. மெஷின் வர்றதுக்கு முன்னாடியே டீச்சர், பரீட்சை, பாடம், ரிப்பேருன்னு அத்தனைக்கும் பல வருஷம் வேலை நடந்திருக்கு. ஆளுக்கொண்ணு குடுக்காமலே நம்மள விட ஸ்கூலுக்குள்ள அதிகமா மாத்திட்டாங்கன்னுதான் நான் சொல்வேன்.

நமக்கும் இப்படி யோசிக்க தெரியாதுன்னு இல்ல. சத்துணவு எடுத்துக்கங்க. 1920ல நீதிக்கட்சி காலத்துல, சென்னை மாநகராட்சி தலைவரா இருந்த பிட்டி தியாகராயர் (வண்ணாரப்பேட்டைல அவர் பேர்ல காலேஜ் இருக்கு) ஆயிரம் விளக்குல ஒரு மாநகராட்சி ஸ்கூல்ல மதிய சாப்பாடு போட்டாரு. காமராஜர் அத விரிவு பண்ணாரு, 1982ல எம்ஜிஆர் சத்துணவாக்கினாரு, அப்புறம் முட்டை சேந்துச்சு, 2022ல காலைச் சிற்றுண்டியும் வந்துச்சு. அரிசி மூட்டைய ஸ்கூல் வாசல்ல எறக்கி வெச்சிட்டு "பசங்களே பொங்கி சாப்டுக்குங்க"ன்னு யாரும் போகல. அமைப்பாளர், சமையலர், உதவியாளர்னு போஸ்டிங் போட்டாங்க, சமையல் கூடம் கட்டினாங்க, சாப்பாட்டு நேரத்த டைம்டேபிள்ல சேத்தாங்க, முட்டை எண்ணிக்கைக்கு ரிஜிஸ்டர் வெச்சாங்க. லேப்டாப்புக்கு மட்டும் மூட்டைய எறக்கிட்டு போயிட்டோம்.

இப்போ ஒரு கிளாஸுக்குள்ள போவோம். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன் பிசிக்ஸ், 45 பசங்க, 45 நிமிஷ பீரியடுன்னு வெச்சுக்கங்க. எல்லார் கைலயும் லேப்டாப். ஊசல் பாடத்துக்கு, ஸ்க்ரீன்லயே சோதனை செஞ்சு பாக்கற ஃபெட் சிமுலேஷன் போட்டு காட்டலாம்னு டீச்சருக்கு ஆசை, கொலராடோ யுனிவர்சிட்டி இலவசமா குடுக்குது, நெட் இல்லாமயும் ஓடும். அட்டெண்டன்ஸ் எடுத்து முடிக்க அஞ்சு நிமிஷம். மெஷின ஆன் பண்ணி எல்லாருக்கும் ஸ்க்ரீன் வர்றதுக்குள்ள இன்னொரு அஞ்சாறு நிமிஷம். பத்து பேருக்கு சார்ஜ் இல்ல, ராத்திரி வீட்ல போட முடியல. கிளாஸ்ல ப்ளக் பாயிண்ட் போர்டு பக்கத்துல ஒண்ணு இருக்கு. ஒருத்தன் பாஸ்வேர்ட மறந்துட்டான், ரெண்டு பேர் அப்டேட் ஓடுதுன்னு உக்காந்திருக்கான். டீச்சர் பெஞ்சு பெஞ்சா ஓடி சரி பண்ணி, நீளத்த மாத்தி பாருங்கப்பா அலைவு நேரம் என்ன ஆகுதுன்னு சொல்லி முடிக்கும்போது பெல் அடிச்சிடும். அடுத்த நாள் அந்த டீச்சர் சாக்பீஸ எடுத்தா அவங்கள குத்தம் சொல்றதுக்கு யாருக்கும் அருகதை இல்ல. இதே கிளாஸ்ல ரெண்டு பீரியட சேத்து ஒரே ப்ளாக்கா குடுத்து, சுவர் ஓரமா நாலஞ்சு சார்ஜிங் பாயிண்ட் போட்டு, மெஷின் பிரச்சனைய மட்டும் பாத்துக்க நாலு பசங்கள பழக்கி விட்டிருந்தா அதே டீச்சர் அதே சிமுலேஷன்ல முழு பாடத்தையும் நடத்தியிருப்பாங்க. டைம்டேபிள மாத்தறது பிசிக்ஸ் டீச்சரால முடியாது, ஒயரிங் அவங்க கைல இல்ல. ஹெச்எம் செய்யணும், மத்த சப்ஜெக்ட் டீச்சருங்க ஒத்துக்கணும், பொதுப்பணித்துறையோ மாநகராட்சியோ வந்து ஒயர் இழுக்கணும். முழு ஸ்கூலும் மாறணும்னு நான் சொல்றது இந்த சின்ன சின்ன விஷயத்ததான்.

டீச்சருங்க மனசுல இருக்கற கசப்பையும் பேசியாகணும். கடந்த சில வருஷத்துல டெக்னாலஜின்ற பேர்ல அவங்களுக்கு வந்ததுல பெரும்பகுதி எமிஸ்னு பசங்க விவரத்த ஏத்தற வெப்சைட் என்ட்ரி, அட்டெண்டன்ஸ் ஆப், ஆன்லைன் மதிப்பீடு, ஏதாவது ஒரு விவரத்த சாயங்காலத்துக்குள்ள ஏத்துங்கன்னு வாட்ஸ்அப் மெசேஜ். சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும், பசங்க சத்தம் போட்டுக்கிட்டு இருப்பாங்க, டீச்சர் போன பாத்துக்கிட்டு இருப்பாங்க. அப்படி பழகினவங்ககிட்ட போய் டெக்னாலஜி உங்க பாடத்த அழகாக்கும்னு சொன்னா எப்படி நம்புவாங்க? அதனால மொத வருஷம் டீச்சருக்கு மட்டும் மெஷின், எந்த ரிப்போர்ட்டும் கேக்காம. அவங்க வீட்டுக்கு எடுத்துட்டு போகட்டும், பேங்க் வேலை பாக்கட்டும், பாட்டு கேக்கட்டும், கேள்வித்தாள் டைப் பண்ணட்டும். கை பழகட்டும். ரெண்டு நாள் ட்ரெய்னிங்னு ஒரு ஹால்ல உக்கார வெச்சு பிபிடி காட்டி டீ பிஸ்கட் குடுத்து அனுப்பறத விட, வாரத்துல ஒரு பீரியட் அதே ஸ்கூல் டீச்சருங்க சேந்து உக்காந்து "நீ போன வாரம் என்ன செஞ்ச"ன்னு பேசறது பத்து மடங்கு உபயோகம். அந்த ஒரு பீரியட டைம்டேபிள்ல குடுக்கணும், லஞ்ச் நேரத்துல பேசிக்கங்கன்னு தள்ளி விடக்கூடாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர் ஒருத்தர் இருக்காரே அவர் பாத்துப்பாருன்னு மத்த எல்லாரும் ஒதுங்கறதுதான் நம்ம ஸ்கூல்கள்ல வழக்கம். எனக்கு என்னமோ இத ஆரம்பிக்க சரியான எடம் தமிழ் கிளாஸ்தான்னு தோணுது. தமிழ்லயே டைப் பண்றதுக்கான தமிழ்99 கீபோர்டு 1999லயே சென்னைல நடந்த மாநாட்டுல முடிவு பண்ணது, நாம இன்னும் பசங்களுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுக்கல, அவன் தங்கிலீஷ்ல அடிச்சே பழகிட்டான். காசிமேட்டு பையன் தாத்தாகிட்ட உக்காந்து வாடை, கொண்டல், கச்சான்னு எந்த காத்துக்கு என்ன பேரு, எந்த காத்துல வலை போட்டா என்ன மீன் கெடைக்கும்னு கேட்டு, போன்ல ரெக்கார்ட் பண்ணி, அத தமிழ்ல டைப் பண்ணி, தப்ப திருத்தி, தமிழம்மாகிட்ட காட்டி, திரும்ப திருத்தி எழுதட்டும். நாலு பசங்க எழுதினத சேத்தா ஒரு புத்தகம். நல்லா வந்தத தமிழ் விக்கிப்பீடியாலயும் சேக்கலாம், ஆனா அங்க ஆதாரம் கேப்பாங்க, எந்த புத்தகத்துல இருக்குன்னு தேடணும், அந்த தேடலும் ஒரு பாடந்தான். இதுக்கு நெட் கூட அதிகம் வேணாம். புத்தகத்த பாத்து நோட்ல எழுதறத அப்படியே லேப்டாப்ல எழுத வெச்சா அதுல ஒண்ணும் மாறல, இதுல பையனே பாடத்த உண்டாக்கறான்.

வீட்டுப் பக்கம் வந்தா வேற கஷ்டம். ஒரே ரூம் வீடு, ஒரு ஃபேன், டிவி, ரெண்டு போன் சார்ஜர், எல்லாம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல. மழைக் காலத்துல கொசஸ்தலை, பக்கிங்ஹாம் கால்வா பக்கம் இருக்கறவங்க எதையும் தரைல வெக்க முடியாது, 2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தண்ணி பூந்த வீடுகள்ல மொதல்ல போனது சர்டிபிகேட்டும் இந்த மாதிரி மெஷினும்தான். அம்மா வேலைக்கு போயிட்டு ஏழு மணிக்கு வந்து பாத்தா பையன் ஸ்க்ரீன் முன்னாடி. "இன்னாடா, எந்நேரமும் அத்தயே பாத்துனுகீற, படிக்கிறியா படம் பாக்குறியா?"ன்னு கேட்டா அவன் படிக்கிறேன்னுதான் சொல்வான், அவங்களுக்கு அது உண்மையான்னு தெரிஞ்சுக்க வழியில்ல. அந்த அம்மாவ ஸ்கூலுக்கு கூப்ட்டு, அதுவும் ஞாயித்துக்கிழமை கூப்ட்டு, பையனையே அம்மா முன்னாடி உக்கார வெச்சு இந்த வாரம் நான் செஞ்சது இதுதான்னு காட்ட சொல்லணும். பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்குல்ல, பெத்தவங்கதான் அதுல பாதிக்கு மேல, அந்த மீட்டிங்க இதுக்கு யூஸ் பண்ணிக்கலாம். வீட்ல எடமும் கரண்டும் இல்லாத பசங்களுக்கு சாயங்காலம் ஆறரை ஏழு வரைக்கும் ஒரு கிளாஸ்ரூம தொறந்து வெச்சா போதும், அதுக்கு ஒரு ஆளும் அவருக்கு சம்பளமும் வேணும்.

ரிப்பேர பத்தி திட்டம் போடறவங்க கடைசியாத்தான் யோசிக்கிறாங்க. உருகுவே நாட்டுல 2007ல ஆரம்பிச்சு 2009க்குள்ள கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூல் பசங்க எல்லாருக்கும் லேப்டாப் போச்சு, மெஷின் உடைஞ்சு குவிய ஆரம்பிச்சதும் வேன்ல ஊர் ஊரா போய் சரி பண்ணாங்க. அங்கயும் மொத சில வருஷம் கணக்கு, வாசிப்பு மார்க்ல மாற்றம் தெரியல, ஆனா அவங்க திட்டத்த மூடாம ஒரு நிரந்தர அமைப்பா வெச்சு டீச்சர் பக்கம் வேலைய கூட்டினாங்க, இங்கிலீஷ் டீச்சர் இல்லாத ஸ்கூலுக்கு வீடியோ மூலமா இங்கிலீஷ் பாடம் வரைக்கும் கொண்டு வந்தாங்க. நம்ம ஊர்ல வாரண்டி முடிஞ்சா பேட்டரி மாத்த ரிச்சி ஸ்ட்ரீட் போகணும், அதுக்கு ஆகுற காச கேட்டுட்டு பையன் மெஷின பீரோ மேல தூக்கி வெச்சிடறான், கொஞ்ச நாள்ல அது பர்மா பஜார் பக்கம் போயிடுது. வித்துட்டான்னு திட்றோம், ஓடாத மெஷின வெச்சு அவன் என்ன செய்யறது? வடசென்னைல ஐடிஐ இருக்கு, பாலிடெக்னிக் இருக்கு, செல்போன் சர்வீஸ் கத்துக்கிட்ட பசங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. ஏரியாவுக்கு ஒரு ரிப்பேர் சென்டர் வெச்சு அவங்கள வேலைக்கு எடுத்தா ஸ்கூல் மெஷினும் ஓடும், அவங்களுக்கும் வருமானம்.

இதெல்லாத்தையும் செஞ்சாலும் பரீட்சை மாறலன்னா திரும்ப சுவத்துல போய் முட்டிப்போம். பிளஸ் டூ பப்ளிக் பேப்பர்ல பேனாவால எழுதறது, புக் பேக் கேள்வியும் பழைய கொஸ்டின் பேப்பரும் படிச்சா மார்க். ரிசல்ட் சதவீதம் கொறஞ்சா ஹெச்எம்ம மீட்டிங்ல நிக்க வெச்சு கேப்பாங்க. அந்த நெலமைல சிமுலேஷனுக்கு ரெண்டு பீரியட் குடுக்கற டீச்சர் தன் பசங்களுக்கு துரோகம் பண்றோமோன்னு பயப்படறது நியாயமான பயம். பப்ளிக் எக்ஸாம ஒரே நாள்ல மாத்த முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒவ்வொரு பாடத்துலயும் அகமதிப்பீட்டுக்கு 10 மார்க் ஏற்கனவே ஸ்கூல் கைல இருக்கு, இப்போ அது பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படியே போட்டு விடற மார்க். அந்த பத்துல அஞ்ச மெஷின்ல செஞ்ச ஒரு வேலைக்குன்னு வெக்கலாம், தமிழ்ல ஒரு பேட்டி, வணிகவியல்ல தெருமுனை மளிகைக் கடையோட ஒரு மாச வரவு செலவு ஸ்ப்ரெட்ஷீட், கணக்குல ஜியோஜிப்ரான்ற கணக்கு சாஃப்ட்வேர்ல ஒரு வரைபடம்.

இந்த தடவ லேப்டாப் போறது காலேஜுக்கு, அங்க வழி இன்னும் லேசு. வியாசர்பாடி அம்பேத்கர் ஆர்ட்ஸ் காலேஜ், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி மாதிரி எடங்கள்ல நிறைய பேர் அவங்க வீட்ல காலேஜுக்கு வந்த மொத தலைமுறை. பேப்பருக்கு 100ல இன்டர்னல் 25, அது டிபார்ட்மெண்ட் கைல இருக்கு. ஜூன்ல புது பேட்ச் உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் உக்காந்து ரெண்டு விஷயத்த முடிவு பண்ணலாம்: எங்க இன்டர்னல்ல எந்த வேலைய இனிமே லேப்டாப்ல செய்ய சொல்லப் போறோம், மெஷின் படுத்துட்டா எந்த ரூமுக்கு போய் யாரப் பாக்கணும். ரெண்டாவதுக்கு ஒரு பேரையும் ரூம் நம்பரையும் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்.